நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும்

பழைய கார் வாங்குவதற்கும் பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் உண்டு என்று எங்கள் சித்தப்பா ஒருவர் சொல்லுவார். வரன் விஷயத்தில் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு பையனைப் பார்க்கிறோம். கார் விஷயத்தில் காரைப் பார்த்து மயங்கிவிட்டுப் பிறகு ஜாதகத்தைக் கேட்கிறோம். சித்தப்பா காலத்தில் காருக்கு ஜாதகம் கிடையாது. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை கை மாறியிருக்கிறது என்று பார்ப்பதோடு சரி. இப்போது அமெரிக்காவில் காருக்கு நிஜமாகவே ஜாதகம் கிடைக்கிறது. காரின் 17 எழுத்து எண்ணைக் கொடுத்துக் கொஞ்சம் பணமும் கட்டினால், அது பிறந்த தேதி, எத்தனை எஜமானர்கள், எந்த ஊரில் என்ன விபத்து என்றெல்லாம் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதை நம்பித்தான் என் தம்பி பிள்ளை கெட்டுப் போனான்.

2018-ஆம் வருஷம் ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். சிகாகோவுக்கு மேற்கே அரோரா என்று ஓர் ஊர். அவனுக்கு வயது முப்பத்து நாலு. கம்ப்யூட்டர் உத்தியோகம். பரம சாது. சின்ன வயசிலிருந்து அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம், மேற்கூரை இல்லாத சிவப்புக் கார். குடும்பத்துக்கென்று ஒரு பெரிய வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. அது போதாதென்று, நாங்கள் போய் இறங்கிய இரண்டாவது வாரத்திலேயே ஒரு மாலை, "பெரியப்பா, வாசலுக்கு வாருங்களேன்" என்று கூப்பிட்டான்.

வாசலில் நின்றது மாஸ்டா எம்.எக்ஸ்.-5. 2003-ஆம் வருஷத்து வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். துணிக் கூரை. அதைப் பின்னால் மடித்துத் தள்ளிவிட்டால் தலைக்கு மேலே ஆகாசம்தான். குழந்தைகள் சாக்லெட்டின் மேல் சுற்றியிருக்கும் காகிதத்தை விரலால் நீவி விடுவார்களே, அந்த மாதிரி பளபளவென்று இருந்தது.

இந்த வண்டிக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் போனால் பையன் கோபித்துக்கொள்ளுவான். ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் சின்னச் சின்னதாக ஸ்போர்ட்ஸ் கார்கள் செய்து உலகத்துக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அழகான கார்கள், எண்ணெய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கும். காலப்போக்கில் அந்த ஜாதியே அற்றுப்போயிற்று. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் 1970-களில் மாஸ்டா கம்பெனியின் பெரியவரான கெனிச்சி யமமோட்டோவிடம், "நீங்கள் அந்த மாதிரி ஒன்று செய்யக்கூடாதா?" என்று கேட்டு வைத்தாராம். ஜப்பானியர்கள் எதையும் மறக்காதவர்கள். 1989 பிப்ரவரியில், சிகாகோ கார்க் கண்காட்சியில், எண்ணெய் ஒழுகாத ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2016-க்குள் பத்து லட்சம் செய்தாயிற்று. இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு விற்றது வேறு இல்லை என்று கின்னஸ் புத்தகம் சொல்லுகிறது. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாக வேண்டும் என்பது அந்தக் கம்பெனியாரின் தாரக மந்திரம். நம் பையன் அதை ஜப்பானிய பாஷையிலேயே சொல்லிக் காட்டினான்.

விலை 6,500 டாலர். அன்றைய கணக்குக்கு நம் பணம் சுமார் நாலரை லட்சம். விற்றவர் நாற்பது மைல் தள்ளியிருந்த ஒரு வயதான மனிதர். நல்ல பேச்சு, நல்ல வீடு, வாசலில் ரோஜாச் செடி. ஜாதகத்தில் விபத்து என்ற பேச்சே இல்லை. மூன்று எஜமானர்கள். பத்திரம் சுத்தம். என்ஜின் கடிகாரம்போல் ஓடிற்று. போய்ப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்; லேசான தூறல். ஈரமான காரும், அந்தி வெளிச்சமும் சேர்ந்தால் எந்தக் காரும் ரம்பைதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை அரோரா பாலாஜி கோயிலுக்குக் காரைக் கொண்டுபோனோம். அங்கே காருக்குப் பூஜை உண்டு. பட்டாச்சாரியார் சந்தனமிட்டுக் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பையன் நசுக்கிக்கொண்டு புறப்பட்டான். பக்கத்து ஸீட்டில் என் மனைவி. தலையில் ஒரு ஸ்கார்ஃப், மூக்கின்மேல் கறுப்புக் கண்ணாடி. அறுபத்தாறு வயதில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு மூன்று வாரமும் காய்கறி வாங்க, தபால் போட என்று எதற்கெடுத்தாலும் அந்தக் காரில்தான் போவேன் என்று பிடிவாதம். ஆற்றங்கரைச் சாலையில் நாள் தவறாமல் ஒரு சவாரி.

எலுமிச்சம்பழம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் புதுக் காரின் அடியில் எலுமிச்சம்பழத்தை வைக்கிறோம். அமெரிக்கர்களோ மோசமான காரையே எலுமிச்சம்பழம் என்கிறார்கள். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1970-இல் 'எலுமிச்சம்பழச் சந்தை' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழைய காரின் குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன், எதற்கும் இருக்கட்டும் என்று விலையைக் குறைத்தே கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன், இந்த விலைக்கு என் காரைக் கொடுப்பேனா என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளுவான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சம்பழங்கள்தான் என்பது அவர் வாதம். இதை மூன்று பத்திரிகைகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டன. நாலாவது பத்திரிகை போட்டது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கதை எழுதி அனுப்பிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்திருக்கும் நேயர்கள் மனத்தைத் தளரவிட வேண்டாம்.

மூன்றாவது வாரம் பையன், "பெரியப்பா, ஸ்டீயரிங்கை விட்டால் வண்டி கொஞ்சம் இடது பக்கமாகப் போகிறது" என்றான். டயரில் காற்று குறைந்திருக்கும் என்றேன். காற்று சரியாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தால், முன்பக்கம் இடது டயரின் உள் ஓரம் மட்டும் தேங்காய் துருவியில் தேய்த்ததுபோல் தேய்ந்திருந்தது. வெளி ஓரம் புத்தம் புதிது. டயர் மாற்றி அதிக நாள் ஆகவில்லை என்பது அதில் அச்சிட்டிருந்த நாலு இலக்கத்திலிருந்தே தெரிந்தது. எந்த வருஷம் எந்த வாரம் செய்த டயர் என்பதை அதில் போட்டிருப்பார்கள். அவ்வளவு சீக்கிரம் அப்படித் தேய்வதென்றால் சக்கரம் சாய்ந்து ஓடுகிறது என்று அர்த்தம்.

அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனான். ஒரு மணி நேரம் கழித்து ஒரு காகிதத்துடன் திரும்பி வந்தான். வலது சக்கரத்தின் எண்களெல்லாம் பச்சை. இடது சக்கரத்துடையவை சிவப்பு. இந்த வண்டியில் சக்கரத்தின் சாய்மானத்தைத் திருத்துவதற்கென்றே சில போல்ட்டுகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கடைசி வரைக்கும் திருகிப் பார்த்தும் சிவப்பு பச்சையாகவில்லை. "இந்தக் கார் எங்கேயாவது மோதியிருக்கிறதா?" என்று அந்தக் கடைக்காரர் கேட்டாராம். "இல்லை, ஜாதகம் சுத்தம்" என்றானாம் இவன். அவர் ஒன்றும் பதில் சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டாராம்.

எனக்கு அப்போதுதான் புதுப்பேட்டை ஞாபகம் வந்தது.

1974-இல் நான் ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருந்தேன். சென்னையிலேயே செய்த கார். அதற்கு மட்கார்டில் ஒரு நசுங்கல் எடுக்கப் புதுப்பேட்டையில் ஒரு டிங்கரிடம் போனபோது, அவர் வேலை செய்துகொண்டே எனக்கு ஒரு பாடம் நடத்தினார். "ஸார், தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவன் தொழிலாளி. தட்டாமல் பள்ளத்தில் பட்டி அப்பிப் பெயிண்ட் அடிக்கிறவன் களவாணி. இரண்டு பேரையும் கண்டுபிடிக்கக் கண் வேண்டாம், காந்தம் போதும். இரும்பு என்றால் ஒட்டும்; பட்டி என்றால் விழும்" என்றார். நாற்பத்து நாலு வருஷம் கழித்து, பூமிக்கு மறுபக்கத்தில், அந்தப் பாடம் உபயோகப்பட்டது.

வீட்டில் காந்தம் ஏது? ஃபிரிஜ் கதவில் திருப்பதிப் பெருமாள் இருந்தார். மளிகை லிஸ்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காந்தப் பெருமாள். அவரை எடுத்து, பெயிண்டில் கீறல் விழாமலிருக்க மெல்லிய கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். முதலில் பானெட்டின்மேல் வைத்தேன். பெருமாள் சறுக்கிக்கொண்டு கீழே விழுந்தார். வேறு இடத்தில் வைத்தேன். அங்கேயும் விழுந்தார். எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. "அடப் பாவி, பானெட் முழுவதும் பட்டியடா!" என்று கத்திவிட்டேன். பையன் அந்தத் துக்கத்திலும் சிரித்தான். "பெரியப்பா, இந்த வண்டிக்குப் பானெட் அலுமினியம். எடை குறைய வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக். அங்கேயும் ஒட்டாது" என்றான். ஹெரால்டோடு என் ஞானம் நின்றுவிட்டது என்பது அம்பலமாயிற்று.

ஆனால் மட்கார்டு இரும்பு. வலது பக்கத்தில் மேலும் கீழும் பெருமாள் அப்பிக்கொண்டு நின்றார். இடது பக்கத்தில் மேலே நின்றார். சக்கரத்துக்குப் பின்னால் கொண்டுவந்தேன், பிடி தளர்ந்தது. இன்னும் கீழே, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, வைத்தவுடன் விழுந்தார். மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் விழுந்தார். இந்தத் தடவை பையன் சிரிக்கவில்லை.

(நேயர்கள் காந்தத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. மெல்லியதாகப் பூசிய பட்டியை அது காட்டிக்கொடுக்காது. பெயிண்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவி இப்போது விற்கிறது. தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு பக்கம் 120 என்றும் இன்னொரு பக்கம் 300 என்றும் காட்டினால் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் போனால் உள்ளே பட்டி.)

ஒரு நூல் கையில் அகப்பட்டால் துணி முழுவதும் பிரிய வேண்டியதுதானே? பானெட்டைத் தூக்கிப் பார்த்தோம். வலது மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் சிவப்புப் பெயிண்ட் அப்படியே இருந்தது. இடது பக்கத்துப் போல்ட்டுகளின் முனைகளில் ஸ்பானர் பட்டு வெள்ளை தெரிந்தது. அமெரிக்காவில் விற்கும் பல கார்களில், திருட்டைத் தடுப்பதற்காக, ஒவ்வொரு பெரிய பாகத்திலும் காரின் எண்ணைச் சின்னச் சீட்டில் அச்சிட்டு ஒட்டியிருப்பார்கள். வலது மட்கார்டில் சீட்டு இருந்தது. இடதில் இல்லை. முன்விளக்கு இரண்டிலும் கண்ணாடியின் ஓரத்தில் பொடி எழுத்து. இரண்டும் வேறு வேறு கம்பெனி. இதெல்லாம் மூன்று வாரமாக எங்கள் கண்ணெதிரே இருந்தவைதான். பார்க்க வேண்டும் என்று தோன்றாதவரை கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை.

மறுநாள் ஒரு ரிப்பேர் பட்டறைக்குப் போனோம். மெக்ஸிகோக்காரர் ஒருவர் நடத்துவது. அதிகம் பேசாத மனிதர். சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து, சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் மட்கார்டை வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங், ணங், டொப். 'டொப்' வந்த இடம் பெருமாள் விழுந்த இடம்தான். பிறகு காரை மேலே தூக்கினார். கீழே போய் நின்று விளக்கைக் காட்டினார்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். என் ஹெரால்டுக்குச் சேஸிஸ் தனி, மேல்கூடு தனி. மேல்கூடு நசுங்கினால் சட்டை கிழிந்த மாதிரி. எலும்புக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூடும் எலும்பும் ஒன்றே. முன்பக்கத்தில், என்ஜினுக்கு இரண்டு பக்கமும், பெட்டிபோல் மடித்த இரண்டு எஃகுத் தண்டுகள் நீண்டிருக்கும். அவை வெறும் தாங்கிகள் அல்ல. மோதலின்போது ஆர்மோனியப் பெட்டியின் துருத்திபோல் மடிந்து மடிந்து, அந்த வேகத்தை விழுங்கிவிட வேண்டும். உட்கார்ந்திருப்பவரிடம் அது வந்து சேரக் கூடாது. கார் நசுங்கினால்தான் மனிதன் பிழைப்பான் என்ற இந்த யோசனை, மெர்ஸிடஸ்-பென்ஸில் வேலை பார்த்த பேலா பாரெனி என்ற என்ஜினீயருடையது. 1959-இல் அந்தக் கம்பெனி அப்படி ஒரு காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால், கார் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு பத்திரம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் இன்றைக்கும், "அந்தக் காலத்து வண்டி என்றால் இரும்பு ஸார்!" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரும்புதான். அடி மட்டும் உள்ளே இருப்பவருக்கு.

ஒரு கம்பியை ஒரு தடவை வளைத்துப் பிறகு நிமிர்த்திப் பாருங்கள். பார்வைக்கு நேராக இருக்கும். ஆனால் வளைந்த இடம் பழைய கம்பி அல்ல. சூடு காட்டி நிமிர்த்தினாலோ, எஃகின் குணமே மாறிப்போகும். அப்புறம் மடிய வேண்டிய இடத்தில் மடியாது. மடியக் கூடாத இடத்தில் மடியும்.

பட்டறைக்காரர் இடது தண்டைக் காட்டினார். அதன்மேல் தார் மாதிரி கறுப்புப் பூச்சு கனமாக அடித்திருந்தது. வலது தண்டில் அது இல்லை. "ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை?" என்று கேட்டுக்கொண்டே ஒரு தகட்டால் சுரண்டினார். கறுப்பு உரிந்தது. கீழே துரு. அந்த ஊரில் பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்புத் தூவுவார்கள். இந்த மாடலுக்கு முன்தண்டில் துரு ஏறுவது தெரிந்த வியாதிதான். ஆனால் துருவுக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. துணி துவைக்கும் கல்லில் கோடு போட்டிருக்குமே, அதுபோல் தண்டின் பக்கவாட்டில் நாலைந்து சுருக்கம். சுருக்கத்தின் குறுக்கே ஒரு தகட்டு ஒட்டு. தொழிற்சாலையில் பற்றவைத்தால் பொட்டுப் பொட்டாக ஒரே இடைவெளியில் இருக்கும். இது பல்லி ஊர்ந்ததுபோல் கோணல்மாணலாக ஓடிற்று. டேப்பைப் பிடித்துக் குறுக்கு மறுக்காக அளந்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கும், அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கும் மூன்று மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருக்கலாம் என்றார். பதினாலு இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

காரைக் கீழே இறக்கி, உள்ளே உட்கார்ந்து, சாவியை அரைவாசி திருப்பினார். எதிரே விளக்குகள் எல்லாம் எரிந்தன. எண்ணெய் விளக்கு, பாட்டரி விளக்கு, பிரேக் விளக்கு. அவர் சாவியை அணைத்து மறுபடி திருப்பினார். மறுபடி அணைத்துத் திருப்பினார். "எங்கே அது?" என்றார். காற்றுப் பைக்கென்று ஒரு விளக்கு உண்டு. சாவி திருப்பியதும் எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். பை சரியில்லை என்றால் அணையாமல் எரியும். இந்தக் காரில் அது எரியவே இல்லை. எரியாத விளக்கை யார் கவனிக்கிறார்கள்? பின்னால் கழற்றிப் பார்த்தபோது, பல்பையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

பிறகு பக்கத்து ஸீட்டுக்கு எதிரே உள்ள மூடியை விரலால் அமுக்கினார். ஓரத்தில் பசை தெரிந்தது. மெள்ள நெம்பி எடுத்தார். உள்ளே காற்றுப் பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு அடைத்திருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்துக்கு, உடைத்த கார்களை விற்கும் கிடங்கிலிருந்து வேறொரு ஸ்டீயரிங் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக்கு அந்தச் செலவும் செய்யவில்லை.

கடைசியாக அந்த ஸீட்டின் பெல்ட்டை முழுவதும் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் ஒரு ஜாண் நீளத்துக்கு நெசவு அலை அலையாகச் சுருண்டு, உராய்ந்து, பளபளத்துக்கொண்டிருந்தது. முழு வேகத்தில் ஓர் ஆளைப் பிடித்து நிறுத்தினால்தான் பெல்ட் அப்படி ஆகுமாம். அந்த ஆள் யாரோ? என்ன ஆனாரோ? கார் சாதாரணமாகத்தான் மோதியிருக்கும் என்று அதுவரை மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த நான், அதற்கப்புறம் பேசவில்லை. மூன்று வாரமாக அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, அந்த ஸ்பாஞ்சுக்கு எதிரே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் மனைவி.

ஜாதகம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். யாராவது சொன்னதைத்தான் ஜாதகம் சொல்லும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போனால், "இது தேறாது" என்று பத்திரத்தில் முத்திரை விழும். போலீஸுக்குப் போனால் அங்கே பதிவாகும். இரண்டு இடத்துக்கும் போகாமல் கைக்காசைக் கொடுத்துப் பின்கட்டுப் பட்டறையில் ஒட்டுப்போட்டால், யாருக்குத் தெரியும்? சில சாமர்த்தியசாலிகள் முத்திரை விழுந்த காரையே வேறு மாகாணத்துக்குக் கொண்டுபோய்ப் புதுப் பத்திரம் வாங்கிவிடுவார்கள். இதைத் தடுக்கவே 1992-இல் சட்டம் போட்டு, நாடு முழுவதுக்கும் ஒரே பதிவேடு ஏற்படுத்தினார்கள். பொதுமக்கள் பார்க்கும்படி அது திறந்தது 2009-இல்தான். இருந்தாலும் எழுதாத கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இராது.

பையன் விற்றவருக்கு டெலிபோன் செய்தான். "நான் 2015-இல் இப்படியேதான் வாங்கினேன். எனக்கு ஒன்றும் தெரியாது. மிகவும் வருந்துகிறேன்" என்றார் அவர். நிஜமாக இருக்கலாம். ரோஜாச் செடி வளர்ப்பவர் பொய் சொல்ல மாட்டார் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அந்த மாகாணத்தில் பத்தாயிரம் டாலர் வரைக்கும் வக்கீல் இல்லாமலே சின்ன வழக்குக் கோர்ட்டில் போடலாம். ஆனால் அவருக்குத் தெரியும் என்பதை யார் நிரூபிப்பது? தனி ஆளிடம் உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்ட பிறகு, வாங்கினவன் பாடுதான்.

இரண்டு நாள் கார் வாசலில் நின்றது. மூன்றாம் நாள், எதிர்த் தெருவில் அதைப் பார்த்து ஆசைப்பட்ட ஒரு கல்லூரிப் பையன், பத்தொன்பது வயசு இருக்கும், மணியை அடித்தான். "விற்பீர்களா? ஆறாயிரம் தருகிறேன்" என்றான். கோடை விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணமாம். நாளைக்கு வா என்று அனுப்பினான் எங்கள் பையன்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் சாம்பார் ஆறிப்போயிற்று. "எனக்கு யார் சொன்னார்கள், பெரியப்பா? 6,500 டாலர் எனக்கு என்ன மரத்திலா காய்க்கிறது?" என்றான் பையன். அதிலும் நியாயம் இருந்தது. அவன் மனைவி கெட்டிக்காரப் பெண். "மாமா, இவர் பொய் சொல்ல வேண்டாம். அவன் கேட்டால் சொல்லட்டும். கேட்காவிட்டால் நாமாக எதற்குச் சொல்ல வேண்டும்?" என்றாள். ஊரெல்லாம் அப்படித்தான் நடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரில் ஊறிய கார்களைச் சென்னையில் துடைத்து உலர்த்தி விற்றவர்கள், யாராவது கேட்டால் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. பணம் அவனுடையது.

என் மனைவி மோர் விட்டுக்கொண்டே, "அந்த ஸீட்டிலே நான்தானே உட்கார்ந்திருந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பையன் தட்டில் கையை அலம்பிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் அந்தக் கல்லூரிப் பையன் கவரில் பணத்துடன் வந்தான். அவன் கேட்ட ஒரே கேள்வி, எவ்வளவு வேகம் போகும் என்பதுதான். எங்கள் பையன் அவன் கையில் சாவியைக் கொடுக்கவில்லை, பெருமாளைக் கொடுத்தான். "இதை அந்த மட்கார்டில் கீழே வைத்துப் பார்" என்றான். பிறகு ஸ்பாஞ்சைக் காட்டினான். பெல்ட்டைக் காட்டினான். வந்தவன் முகம் வாடிவிட்டது. குறை தெரிந்ததற்கு அவன் சந்தோஷப்பட்டதாகச் சொல்ல முடியாது. கனவைக் கலைத்தவர்மேல் கோபம்தான். நன்றிகூடச் சொல்லாமல் சைக்கிளில் ஏறிப் போனான்.

கார் முழுசாக விலைபோகவில்லை. துண்டு துண்டாகப் போயிற்று. என்ஜினையும் கியர்ப் பெட்டியையும் பந்தயக் காருக்கென்று ஒருவர் வாங்கிக்கொண்டார். இந்த வண்டியை வைத்தே அங்கே ஒரு தனிப் பந்தய வகை நடக்கிறது. சாமான்களுக்குக் கிராக்கி உண்டு. பின் சக்கரங்கள், கதவுகள், துணிக் கூரை எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கூட்டிப் பார்த்தால் 3,100 டாலர் தேறிற்று. மிச்சமிருந்த கூட்டை இரும்புக்குப் போட்டு, பத்திரத்தையும் ஒப்படைத்துவிட்டான். இடது தண்டைத் தீயால் இரண்டாக அறுத்த பிறகே கொண்டுபோகச் சொன்னான். அது மறுபடி எந்தக் காரிலும் ஏறக் கூடாதாம். கியரின் மேலிருந்த உருண்டையை மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்தான். இதை எழுதும் காகிதங்களின்மேல் இப்போது அதுதான் உட்கார்ந்திருக்கிறது.

போன தடவை டெலிபோனில் பேசினபோது அவன் மனைவி, "மாமா, ஃபிரிஜில் மளிகை லிஸ்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது. பெருமாளைக் காணோம்" என்றாள். எங்கே போனார் என்று கேட்டேன். ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறாராம். பெருமாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு போயிருக்கிறானாம். "மழை பெய்கிறதா அங்கே?" என்று கேட்டேன். "இல்லை மாமா, நல்ல வெயில். பட்டப் பகலில்தான் போயிருக்கிறார்" என்றாள்.